அமைதி ஆய்வுக்கும் பூட்டா?

அமெரிக்க அமைதி நிறுவனத்தை முடக்கியதை வாஷிங்டனில் முடிவெடுப்பவர்கள் சிக்கன நடவடிக்கை என்று நியாயப்படுத்துகிறார்கள். அந்த நிறுவனத்துக்கு ஆண்டுக்கு ஆன செலவு சுமார் 5.5 கோடி டாலர்; ராணுவத்துக்கு அதே அரசு கொட்டுவதோ 80,000 கோடி டாலருக்கு மேல். 1984-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி உருவாக்கிய அமைப்புக்குள் 2025 மார்ச்சில் போலீஸ் துணையோடு நுழைந்தார்கள். மாதம் முடிவதற்குள் பெரும்பாலான ஊழியர்களை வேலைநீக்கம் செய்தார்கள். இது சட்டவிரோதம் என்று மே மாதம் நீதிமன்றம் கூறியது. ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. டிசம்பரில் நிறுவனக் கட்டடத்தின் முகப்பில் பதவியில் இருக்கும் அதிபரின் பெயரையே பொறித்துவிட்டார்கள். மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் செய்கிற காரியமா இது?

அறவழிப் போராட்டங்களை முறையாக ஆராய்ந்து, அந்த முடிவுகளை ராஜதந்திரிகளின் மேசைவரை கொண்டுசென்ற வெகுசில இடங்களில் அந்த நிறுவனமும் ஒன்று. எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டீபனும் 1900 முதல் 2006 வரையிலான 323 பெரும் போராட்டங்களை ஒப்பிட்டு 2011-இல் நூலாக்கினார்கள். ஆயுதமேந்தியவற்றில் 26 சதவீதமே வென்றிருக்க, அறவழியில் நடந்தவற்றில் 53 சதவீதம் வென்றிருந்தன. முதியவர்களும் பெண்களும் தொழிலாளர்களும் திரளாக இறங்கும்போது, சுடச்சொல்லி உத்தரவு பெற்ற சிப்பாய்க்கே கை தயங்குகிறது என்பது அவர்கள் கண்ட முக்கியக் காரணம். மரியா ஸ்டீபன் பின்னர் இதே நிறுவனத்தில் அறவழிப் போராட்ட ஆய்வுத் திட்டத்தை வழிநடத்தினார். அந்தத் தொடர்ச்சியைத்தான் இப்போது அறுத்தெறிந்திருக்கிறார்கள்.

பிற நாடுகளில் ஆட்சியைக் கவிழ்க்கவே இந்த ஆய்வு என்று சிலர் சந்தேகிக்கிறார்கள். வல்லரசுகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பே. ஆனால், வெளிநாட்டுப் பணம் மக்கள் இயக்கத்தின் நம்பகத்தன்மையைக் கெடுக்கக்கூடும் என்று எச்சரித்ததும் இதே ஆய்வாளர்கள்தான். 2010-க்குப் பிறகு அறவழிப் போராட்டங்களின் வெற்றி சுமார் 34 சதவீதமாகச் சரிந்துவிட்டதே என்பது அடுத்த கேள்வி. சரிந்தது உண்மை, அதே காலத்தில் ஆயுதப் போராட்டங்களின் வெற்றி வெறும் 8 சதவீதம். சர்வாதிகாரிகள் புதிய அடக்குமுறைகளைக் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஆய்வு பெருகத்தான் வேண்டும்.

மக்கள் எழுச்சியைப் புரிந்துகொள்ளாமல் முடிவெடுப்பது வாஷிங்டன் அதிகார வட்டத்துக்குப் புதிதல்ல. பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்கோஸை ஏறக்குறைய கடைசி நாள்வரை தாங்கிப்பிடித்தார்கள். எகிப்தில் 2013-இல் ராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, அதை ராணுவப் புரட்சி என்று சொல்லவே மறுத்தார்கள். சூடானில் நடந்தது இவற்றையெல்லாம் விடக் கொடியது. அங்கே 2019-இல் மக்கள் வீதிக்கு வந்து முப்பதாண்டுச் சர்வாதிகாரி பஷீரை வீழ்த்தினார்கள். 2021 அக்டோபரில் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், பேச்சில்லை, கூட்டில்லை, அங்கீகாரமில்லை என்று தெருத்தெருவாக எதிர்ப்புக் குழுக்கள் முழங்கின. அந்தக் குரலை ஒதுக்கிவிட்டு, தளபதிகளோடு சமரசம் பேசும்படி வாஷிங்டன் வற்புறுத்தியது. 2023 ஏப்ரலில் அந்தத் தளபதிகளே ஒருவரையொருவர் சுட்டு நாட்டைச் சுடுகாடாக்கினார்கள். பட்டினி கிடப்பவர்களுக்கு இன்று பொதுச் சமையற்கூடம் நடத்துபவர்களில் பலர், அன்று புறக்கணிக்கப்பட்ட குழுக்களிலிருந்து வந்த இளைஞர்கள்.

இத்தனை பிணங்களுக்குப் பிறகும் பாடம் படிக்காதவர்கள், பாடம் எழுதியவர்களை வெளியேற்றியிருக்கிறார்கள். இதை உலகம் வேடிக்கை பார்க்கக் கூடாது. அறவழியை உலக அரசியலின் ஆயுதமாக்கிய இந்தியா உட்பட, ஜனநாயகத்தை மதிக்கும் நாடுகளும் பல்கலைக்கழகங்களும் இந்த அறிவுத்துறையைக் காக்க முன்வர வேண்டும். துப்பாக்கியை மட்டும் படித்தவர்களிடம் உலகின் அமைதியை ஒப்படைப்பது பெருங்குற்றம்.