பாறசாலையின் ஆட்டக்கூடமும் தமிழகம் கட்டாத அறையும்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழையும் தமிழ் ஆய்வாளர் தேடிச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவானவை: மகாதேவர் கோயில், பழைய நிலப்பதிவுகள், மொழிவழி மாநிலப் போராட்டத்தை நினைவுகூரும் முதியவர்கள். மாலை ஆறு மணிக்குப் பின் அவருக்கு வேலை இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பார். அந்நேரத்தில்தான் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் சாலையோர வாசகசாலைகளிலும் கலை விளையாட்டு மன்றங்களிலும் விளக்குகள் எரியத் தொடங்கும். கேரம் பலகையைச் சுற்றி நால்வர், அவர்களுக்குப் பின்னால் நின்று குற்றம் சொல்ல எண்மர். ஒரு மேசையில் நாளிதழ்கள், மறு மேசையில் சீட்டு. ஆய்வாளர் இந்த அறையைப் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுவார்.

அவர் தவறவிடுவது ஒரு மாலைப்பொழுதை மட்டுமன்று. பொது நிறுவனம் ஒன்றையே அவர் காணத் தவறுகிறார். அந்நியர் ஒருவர் காசு கொடுக்காமல், அறிமுகம் சொல்லாமல், எதையும் வாங்காமல் உட்கார்ந்து, சிறிது நேரத்தில் ஊராரில் ஒருவராகிவிடும் அறைகள் தென்னிந்தியாவில் அரிதாகிவருகின்றன. ஆட்டக்கூடம் அவற்றுள் ஒன்று. தமிழகத்தின் கொள்கை வகுப்போரும் தமிழ் ஆய்வுலகமும் அதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை என்பதே இப்பதிவின் வாதம்.

ஆய்வுலகுக்கு இது தெரியாத செய்தியன்று. 1958இல் பாலித் தீவின் சிற்றூர் ஒன்றில் தங்கிய கிளிஃபர்ட் கீர்ட்ஸையும் அவர் மனைவியையும் ஊரார் இல்லாதவர்களாகவே நடத்தினர். தடைசெய்யப்பட்ட சேவற்சண்டை ஒன்றைக் காணச் சென்றபோது காவலர் புகுந்தனர். இருவரும் ஊராரோடு சேர்ந்து ஓடினர். அதன் பின்னரே ஊர் அவர்களுக்குத் திறந்தது. 1972இல் வெளிவந்த அவரது கட்டுரை மானிடவியல் வகுப்புகளில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் களத்துக்குப் போனதும் வினாநிரலை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்கின்றனர்.

எல்லையூர்களில் ஆட்டம் எதைத் திறந்துவிடும் என்பதற்கு ‘இருபத்தெட்டு’ என்னும் சீட்டாட்டமே போதிய சான்று. ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு இனங்களுக்கும் சேர்த்து 28. ராஜாவுக்கும் ராணிக்கும் புள்ளியே இல்லை. எதிரெதிரே அமர்ந்தோர் கூட்டாளிகள். அவர்கள் கண்ணாலும் கையாலும் சைகை காட்டலாகாது. ஆட்டத்துக்கு வேண்டிய பேச்சு பெரும்பாலும் எண்களே. பதினாலு என்று கேட்பவர் மலையாளி, பதினஞ்சு என்று ஏற்றுபவர் தமிழர் என்று குரலை மட்டும் கேட்டு எவரும் பிரித்துவிட முடியாது. துருப்பும் இரு மொழிக்கும் பொதுச் சொல்லே.

தோற்றவர்களுக்குக் கேரளத்தில் ஒரு தண்டனை உண்டு. இலையையோ காகிதத்தையோ துணி மாட்டும் கிளிப்பையோ காதில் தொங்கவிட்டு ஆட வேண்டும். அதற்குப் பெயர் குணுக்கு. காதுத்துளையைப் பெரிதாக்க இட்ட கனத்த வளையத்தைத் தமிழும் குணுக்கு என்றே அழைத்தது. வடித்த காதுகளில் பாம்படம் அணிந்த பாட்டிமார் மறைந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், பேரன்கள் அச்சொல்லைச் சீட்டு மேசையில் வைத்துக் காப்பாற்றுகின்றனர். எல்லைப்புற வழக்காறுகளைத் தொகுக்கும் ஆய்வேடு இத்தகைய சொற்களைப் பிடிக்க வேண்டுமாயின் அந்த மேசையருகே உட்கார்ந்தாக வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் ஆட்டம் யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் ‘முந்நூற்றுநாலு’ என்று வழங்குகிறது. அங்கு ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. ஜாக்கியும் ஒன்பதும் உயர்ந்து நிற்கும் இவ்வாட்டங்களை நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் ஆடப்படும் ‘யாஸ்’ குடும்பத்தோடு சீட்டாட்ட வரலாற்றாசிரியர்கள் இணைத்துக் காண்கின்றனர். டச்சுக்காரர் இலங்கைக் கரையை ஆண்டவர்கள். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றவர்கள். ஆட்டம் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்பது ஆராய்தற்குரியது. அது அரசியல் எல்லைகளை மதித்ததில்லை என்பது மட்டும் தெளிவு.

அரசியல் எல்லையோ இங்கு வேறுவகையில் வேலை செய்தது. பி. என். பணிக்கரின் முயற்சியில் 1945இல் அம்பலப்புழையில் திருவிதாங்கூர் நூலகச் சங்கம் உருவானபோது, விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே அரசின் பகுதிகள். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் சில கல் தொலைவுக்குள் இரண்டு நூலக மரபுகள். கேரளத்தின் நூலகம் ஊரார் உறுப்பினராகி, குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்துவது. 1989இன் சட்டம் அந்த அமைப்பை அழிக்காமல் மானியம் தந்து தாங்கியது. ஊராரிடம் சாவி இருப்பதால் கேரம் பலகைக்கும் சதுரங்கத்துக்கும் அங்கு இடம் கிடைத்தது. தமிழகத்தின் நூலகமோ 1948இன் சட்டத்தின் வழி வந்த அரசு அலுவலகம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் என்ற பெருமை அதற்கு உண்டு. நூலக வரியும், ஊதியம் பெறும் நூலகரும், மாவட்டம்தோறும் ஆணைக்குழுவும் அதனால் கிடைத்தன. கூடவே அலுவல் நேரமும், ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையும் வந்தன.

தமிழகத்துக்கு இத்தகைய அறைகள் அந்நியமானவை அல்ல. திராவிட இயக்கத்தின் படிப்பகங்களும், பின்னர் வந்த ரசிகர் மன்றங்களும் நற்பணி மன்றங்களும் இதே பணியைச் செய்தன. வடசென்னையின் கேரம் அறைகளைக் கருதுக. மரிய இருதயம் இருமுறை உலகப் பட்டம் வென்று 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரான தந்தையிடம் பயின்று, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். வெற்றிக்குப் பின் பரிசுத்தொகை கிடைக்கிறது. பலகைக்கு மேலே ஒரு கூரையும் மின்விளக்கும் தருவது எவருடைய கடமை என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை.

அரசு முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்பியது. அவற்றுள் பல பின்னர் பூட்டிக் கிடந்தன. 2024இல் தொடங்கிய திட்டம் கலைஞர் பெயரால் ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை வழங்குகிறது. கட்டடம் வந்தது, கருவி வந்தது. மாலையில் கதவைத் திறக்கும் உரிமை ஊராரிடம் வரவில்லை.

இதனிடையே ஆட்டம் வேறிடம் பெயர்ந்துவிட்டது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022இல் மசோதா நிறைவேற்றியது; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. கடனும் தற்கொலைகளும் இச்சட்டங்களை வேண்டியனவாக்கின. ஆயினும் தடை என்பது கொள்கையின் ஒரு பாதியே. ஆட விரும்புவோர் எங்கே ஆடுவது என்பது மறுபாதி. திருச்சூர் மாவட்டத்தின் மரோட்டிச்சாலில் கள்ளச்சாராயமும் சூதும் மலிந்திருந்த காலத்தில், உண்ணிகிருஷ்ணன் என்பவர் தம் தேநீர்க் கடையில் சதுரங்கம் கற்பிக்கத் தொடங்கினார். அவ்வூர் இன்று சதுரங்கக் கிராமம் என்று பெயர் பெற்றிருக்கிறது. கைப்பேசியில் தோற்பவரைத் தடுக்க அருகில் ஆள் இல்லை. பலகையில் தோற்பவரைச் சுற்றி எண்மர் நிற்கின்றனர். தோல்வியின் விலை அங்கே ஒரு குணுக்கு.

இந்த அறையைப் போற்றுவோர் மறைக்கக் கூடாத குறை ஒன்று உண்டு. அந்த எண்மருள் பெண் எவரும் பெரும்பாலும் இல்லை. ‘எவரும் உட்காரலாம்’ என்ற பெருமை எழுதப்படாத ஒரு விலக்கின்மேல் நிற்கிறது. கட்சிச் சார்பும் சாதிச் சார்பும் சில மன்றங்களின் வாசலை மேலும் குறுக்குகின்றன. பணம் வைத்து ஆடும் அறைகளும் இல்லாமலில்லை. இவற்றைக் காட்டி ஆட்டக்கூடமே வேண்டாம் என்போர், இளவழகியும் காசிமாவும் எங்கிருந்து வந்தனர் என்று எண்ண வேண்டும். பலகையருகே பெண்பிள்ளைக்கு இடம் கிடைத்த சில வீடுகளும் அறைகளும் உலகப் பட்டங்களைத் தந்திருக்கின்றன. குறை அறையில் இல்லை. அதன் வாசலை யார் காக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பொதுப்பணம் பெறும் அறைக்கு நிபந்தனை விதிக்கலாம். பெண்களுக்குக் குழுவில் இடம், சிறுமியருக்குப் பயிற்சி நேரம், பணயத்துக்குத் தடை, ஆண்டுதோறும் ஊரார் முன் கணக்கு.

தமிழகத்தின் பூட்டிய ஊராட்சி நூலகங்களில் சிலவற்றையேனும் இந்நிபந்தனைகளோடு ஊர்க்குழுக்களிடம் மாலை நேரத்துக்கு ஒப்படைத்துப் பார்க்கலாம். புதிதாகக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. களியக்காவிளையிலிருந்து சிறிது தூரம் சென்றால் அதற்கான முன்மாதிரி தன் குறைகளோடு கண்முன் நிற்கிறது. பாறசாலைக்குச் செல்லும் ஆய்வாளரும் மாலை ஆறு மணிக்குக் குறிப்பேட்டை மூடிவிட வேண்டியதில்லை. நான்காவது கை குறைகிறது என்று ஒரு மேசையிலிருந்து அழைப்பு வரக்கூடும்; அடுத்த பேருந்து வரும்வரை உட்கார்ந்து ஆடலாம்.