தப்பு எல்லார் கைக்கும் வரட்டும்

மாசி பிறந்தால் நம் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுகிறோம். ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருகிறார்கள். இரவெல்லாம் தப்புச் சத்தம். "இந்தக் காலத்தில் இது தேவையா? பிள்ளைகளின் படிப்பல்லவா கெடுகிறது" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்தக் கவலை நியாயமானதே. பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் திருவிழாவே வேண்டாம் என்பதை நாம் ஏற்க முடியாது.

பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளை "நான் யார்?" என்று கேட்கத் தொடங்குகிறது. அரசாங்கப் பதிவு "இந்தியத் தமிழர்" என்கிறது. கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனால் "தோட்டமா?" என்று இளக்காரமாகக் கேட்கிறார்கள். சில பிள்ளைகள் ஊர்ப் பெயரையே மறைத்துக்கொள்கிறார்கள். இது அவர்கள் குற்றமல்ல. 1948இல் ஒரு சட்டத்தால் நம்மவர்களின் குடியுரிமை போனது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் வழி பிறக்க 2003 வரை காத்திருந்தோம். அந்த 55 வருடங்களிலும் நம் முன்னோர் மரத்தடியில் கல்லை நட்டு, மாரியம்மா என்று கும்பிட்டு, கோயிலாக வளர்த்த இடம் நமக்கென்று இருந்தது. லயக்காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். திருவிழா நமக்குச் சொந்தம். காப்புக் கட்டி, விரதம் இருந்து, மதனாக வேஷம் போடும் பையனுக்கு அந்தப் பாட்டோடு தன் பாட்டன் பூட்டனின் கதையும் வந்து சேர்கிறது. தோட்டத்தான் என்று கூசியவன் அங்கே தலை நிமிர்ந்து நிற்கிறான்.

ஆனால் அதே திருவிழாவில் பிள்ளைகள் வேறொன்றையும் கற்கிறார்கள். தப்பு இன்னார்தான் அடிக்க வேண்டும், அடித்தவர் தள்ளி நிற்க வேண்டும் என்ற வழக்கம் சில தோட்டங்களில் இன்னும் சாகவில்லை. அன்று விடியற்காலையில் பெரட்டுக்கு நம் எல்லாரையும் எழுப்பியதும் தப்புதான். வேலைக்குப் போக எல்லாருக்கும் பொதுவாக இருந்த தப்பு, சாமிக்கு முன்னால் மட்டும் எப்படி ஒரு சாதிக்குரியதானது? அந்தத் தப்படிப்பவரின் மகன் திருவிழாவில் "நான் யார்?" என்று கேட்டால் அவனுக்கு என்ன பதில் கிடைக்கும்? அவன் நம்மை விட்டு விலகிப் போனால் அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி?

பொம்பளைப் பிள்ளைகளின் நிலையும் அதுதான். பால்குடம் எடுக்க அவர்கள் வேண்டும். கோயில் கமிட்டியில் மட்டும் இடமில்லை. கொழுந்தெடுத்து வரும் தாயின் சம்பளத்தில் கோயில் பணம் பிடிக்கப்படும் தோட்டங்களிலும் இதே கதைதான்.

ஜெபக்கூட்டத்துக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளையை "மதம் மாறியவன்" என்று ஒதுக்குவதும் தவறு. ஆகஸ்ட் மாதம் மடு மாதா திருவிழாவுக்கு நம் இந்துக் குடும்பங்களும் போய் நேர்த்தி வைத்து வருகின்றன. அந்தப் பரந்த மனசுதான் மலையகத்தின் பழக்கம். அதேபோல, காமன் கூத்தைப் பேய் வழிபாடு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் போதகர்களும் தங்கள் வாயை அடக்க வேண்டும். பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவன் பாட்டன் வந்த வழி ஒன்றுதான். செக்ரோலில் மதத்துக்கொரு சம்பளம் கிடையாது.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் வருகிற திருவிழாக் கூட்டத்தில் இவற்றைப் பேச வேண்டும். கோயில் கமிட்டியில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இடம் கொடுங்கள். தப்பும் கூத்துப்பாட்டும் தெரிந்த பெரியவரை வாத்தியார் என்று மரியாதையோடு அழைத்து, விரும்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கச் சொல்லுங்கள். அவருக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

சம்பளத்துக்காக ஒன்றாக நிற்கச் சொல்கிறது சங்கம். சாமிக்கு முன்னால் பிரிந்து நிற்கப் பழகிய பிள்ளை, நாளை சங்கத்தில் மட்டும் எப்படி ஒன்றாக நிற்கும்?