இதுவாப்பா கோட்டை?

டெல்லியில குடித்தனம் பண்ற தமிழ்க் குடும்பங்களுக்குன்னு ஒரு தலையெழுத்து உண்டு. ஊர்லேர்ந்து யார் வந்தாலும் நாமதான் கைடு. பெரியம்மா வந்தாங்க, சித்தப்பா வந்தார், தங்கமணியோட ஒண்ணுவிட்ட அண்ணன் குடும்பத்தோட வந்தார். எல்லாருக்கும் அதே ரூட்டு: காலைல குதுப் மினார், அப்புறம் தாமரைக் கோயில், மத்தியானம் செங்கோட்டை, சாயங்காலம் இந்தியா கேட், நடுவுல நேரம் கிடைச்சா கரோல்பாக். பதினாறு வருஷத்துல குதுப் மினாருக்கு எத்தனை தடவை போனேன்னு கேட்டா, பேங்க்ல வேலை பாக்குற எனக்கே கணக்குத் தெரியாது :-)

சரி, நாம ஊருக்குப் போனா என்ன பண்றோம்? கல்யாணம், குலதெய்வம், ஜவுளிக்கடை, திரும்பி வர்றது. எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். சென்னைங்கிறது எனக்கு, சென்ட்ரல்ல இறங்கி எழும்பூர்ல ஏறுற ஊர். அவ்வளவுதான். ஆனா இங்க மயூர் விஹார்ல பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நாங்க 'சென்னைக்காரங்க'. என் பொண்ணும் ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக்கிறா.

2024 மே மாசம் சென்னையில ஒரு கல்யாணம். மறுநாள் ராத்திரிதான் ரயில், ஒரு பகல் முழுசா கையில இருந்தது. "ஏங்க, நாம ஊருக்கெல்லாம் டெல்லியைச் சுத்திக் காட்டுறோம், நம்ம பொண்ணு மெட்ராஸ் பாத்ததில்லையே"ன்னு தங்கமணி கேட்க, ஒருநாள் சுற்றுலா வண்டி ஒண்ணுல மூணு டிக்கெட் போட்டேன். கோட்டை, மியூசியம், வள்ளுவர் கோட்டம், பாம்புப் பண்ணை, கபாலி கோயில், மெரினா. பத்து மணி நேரத்துல சென்னையை முடிச்சுடுவாங்களாம்.

முதல் நிறுத்தம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. "அரை மணி நேரம் சார், உள்ள பழைய காசு, கத்தி, துப்பாக்கி எல்லாம் இருக்கும், பாத்துட்டு வந்துடுங்க"ன்னார் கைடு. அவர் மேல எனக்கு வருத்தமில்லை. பத்து இடத்தை ஒரு பகல்ல அடைக்கச் சொன்னா யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்ல முடியும். வெயில்ல இறங்கி நின்ன என் பொண்ணு சுத்திலும் பார்த்தா. ஒன்பதாம் வகுப்பு, பொறந்து வளந்ததெல்லாம் டெல்லி.

"இதுவாப்பா கோட்டை? ரெட் ஃபோர்ட்ல பாதி கூட இல்லையே. உங்க ஊர்ல பாக்குறதுக்கு வேற என்ன இருக்கு?"

கோட்டை சின்னதுன்னு சொன்னது கூட வலிக்கலை. 'உங்க ஊர்'னு சொன்னா பாருங்க, அது வலிச்சுது. அதைவிட வலிச்சது, திருப்பிச் சொல்ல எங்கிட்ட ஒரு பதிலும் இல்லாதது. "உள்ள போய்ப் பாரும்மா"ன்னு சொல்லிட்டு டீக்கடை தேடினேன்.

திரும்பி வரும்போது ரயில்ல ரெண்டு ராத்திரி இருந்துதே, மொபைல்ல படிக்க ஆரம்பிச்சேன். வந்த பிறகும் விடலை. அப்படிப் படிச்சப்பதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டு, நிமிர்ந்து உக்காந்தேன். ஷாஜஹான் செங்கோட்டைக்கு வேலை ஆரம்பிச்சது 1639-ல. கிழக்கிந்தியக் கம்பெனியோட ஃபிரான்சிஸ் டே, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர்கிட்ட மதராசபட்டினம் கடற்கரையில கொஞ்சம் மணல் நிலத்துக்கு அனுமதி வாங்கினதும் அதே 1639-ல! அங்க ஒரு பேரரசர் தலைநகரம் கட்டுறார். இங்க ஒரு கம்பெனி கடை போடுது. கடைன்னுதான் சொல்லணும். கப்பல் ஒதுங்க துறைமுகம் கூடக் கிடையாது, கப்பலை நடுக்கடல்ல நிறுத்திட்டு படகுல சாமான் இறக்கணும். இருந்தும் ஏன் வந்தாங்க? இந்தப் பக்கத்து நெசவாளிங்ககிட்ட துணி நல்லதாவும் மலிவாவும் கிடைச்சுது. அதான்.

அந்தக் கடைக்கு 1744-ல எழுத்தர் வேலைக்கு ஒரு பையன் வந்து சேர்றான். எழுத்தர்னா நம்ம பாஷைல கிளார்க். பேரு ராபர்ட் கிளைவ். முகலாயப் பேரரசர்கிட்ட வங்காளத்தோட வரி வசூல் உரிமையை 1765-ல வாங்கினது அதே கிளார்க்தான். கடைசியா 1858-ல, செங்கோட்டைக்குள்ளேயே, கடைசிப் பேரரசர் பகதூர் ஷா ஜாஃபரைக் கைதியா உக்கார வச்சு விசாரணை நடத்தி, ரங்கூனுக்கு நாடு கடத்தினாங்க. நடத்தினது யாரு? துணி வாங்க வந்த அதே கம்பெனி.

பாதி கூட இல்லாத கோட்டை, முழுக் கோட்டையை முழுங்கின கதைம்மா இது. இந்தப் பதிலை அன்னிக்கு வாசல்லயே சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியலை.

இன்னொரு கூத்தும் சொல்றேன். நாங்க அரை மணி நேரத்துல பாத்துட்டு வந்த அந்தக் கோட்டை மியூசியக் கட்டடம் இருக்கே, 1795-ல கட்டி முடிச்சப்ப அதுல முதல்ல இருந்தது மெட்ராஸ் பேங்க்கோட ஆபீஸ்! மாடி ஹால்ல வியாபாரிங்களும் கப்பல் கேப்டன்களும் கூடி வியாபாரம் பேசுவாங்களாம், லாட்டரி குலுக்கல் கூட நடக்குமாம். மறுவருஷம் அதே மொட்டை மாடியிலதான் சென்னையோட முதல் கலங்கரை விளக்கத்தை வச்சாங்க. ஒரே கட்டடத்துல பேங்க், வியாபாரம், கப்பலுக்கு வெளிச்சம். சென்னை எதுக்காகப் பொறந்ததுன்னு இதைவிடச் சுருக்கமாச் சொல்ல முடியாது. இருபது வருஷ சர்வீஸ் போட்ட ஒரு பேங்க் ஆபீசர் அந்தக் கட்டடத்துக்குள்ள நின்னுக்கிட்டு வாட்சைப் பாத்துக்கிட்டு இருந்தார். வெக்கக்கேடு.

அதுக்கப்புறம் அன்னிக்கு வண்டி போன பாதையை மனசுல திரும்ப ஓட்டிப் பாத்தேன். ஜன்னல் வழியா "லெஃப்ட் சைடு பாருங்க"ன்னு தாண்டிப் போனதெல்லாம் ஒவ்வொண்ணா நிமிர்ந்து நிக்குது.

சேப்பாக்கம் அரண்மனை. 1768-ல ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டினது. கட்டினவர்னு சொல்லப்படுற பால் பென்ஃபீல்டே நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவங்கள்ல ஒருத்தர். கம்பெனிக்காரங்க தனித்தனியா நவாபுக்குக் கடன் கொடுத்து, வட்டிக்கு வட்டி ஏத்தி, 1785-ல லண்டன் பார்லிமென்ட்ல எட்மண்ட் பர்க் எழுந்து அதைக் கிழிகிழின்னு கிழிக்கிற அளவுக்குப் போச்சு. நவாப் பட்டம் 1855-ல முடிஞ்சதும் கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசாங்கமே எடுத்துக்கிச்சு. வாராக்கடன், ஜப்தி, ஏலம். நாங்க இன்னிக்கும் ஆபீஸ்ல மாரடிக்கிற சமாச்சாரம், மெரினா எதிர்ல குவிமாடத்தோட நிக்குது!

கொஞ்சம் தள்ளி விவேகானந்தர் இல்லம். பழைய பேரு ஐஸ் ஹவுஸ். 1842-ல, அமெரிக்காவுல குளிர்காலத்துல ஏரியில வெட்டின ஐஸைக் கப்பல்ல கொண்டுவந்து இங்க அடுக்கி வச்சு வித்திருக்காங்க. விவேகானந்தர் 1897-ல அங்க ஒன்பது நாள் தங்கினார்ங்கிறது பிற்பாடு வந்த புண்ணியம். மே மாச வெயில்ல வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்த பொண்ணுகிட்ட இந்த ஐஸ் கதையைச் சொல்லியிருந்தா ஜன்னல்ல ஒட்டிக்கிட்டிருப்பா.

எல்லாத்தையும்விட ஆதங்கம் என்னன்னா, வண்டி பாரிமுனைப் பக்கமே எட்டிப் பாக்கலை. சென்னையோட கணக்குப் புஸ்தகமே அங்கதான் இருக்கு. 1906 அக்டோபர்ல ஆர்பத்நாட்னு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாச்சு. சாதாரண ஜனங்க டெபாசிட் எல்லாம் போச்சு. அதோட முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ஜெயிலுக்கே போனார். 'நம்ம பணத்துக்கு நம்ம பேங்க் வேணும்'னு வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மாதிரி ஆளுங்க முன்னால நின்னு ஆரம்பிச்சதுதான் இந்தியன் பேங்க். 1907 ஆகஸ்ட் 15-ல கதவு திறந்தது பாரிமுனையில. அதே பக்கம் ராஜாஜி சாலையில ஸ்டேட் பேங்க்கோட சிவப்புக் கட்டடம் இருக்கு. 1843-ல ஆரம்பிச்ச பேங்க் ஆஃப் மெட்ராஸுக்காக நம்பெருமாள் செட்டியார் கட்டினது. அந்த பேங்க்தான் கல்கத்தா, பம்பாய் பேங்க்குகளோட சேர்ந்து 1921-ல இம்பீரியல் பேங்க் ஆகி, 1955-ல ஸ்டேட் பேங்க் ஆச்சு.

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தையும் விட்டுடக் கூடாது. 1959-ல திறந்தப்ப இந்தியாவுலயே உசரம். அதைக் கட்ட ஆரம்பிச்சவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1954-ல சிங்கப்பூர்ல நடந்த விமான விபத்துல போயிட்டார், முடிஞ்சதைப் பாக்கலை. அவர்தான் 1937 பிப்ரவரி 10-ல இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கை ஆரம்பிச்சவர். ஒரே நாள்ல மூணு கிளை: காரைக்குடி, சென்னை, ரங்கூன். முதல் நாளே கடல் தாண்டி ஒரு கிளை! பொழைக்கப் போன தமிழனுக்குப் பணம் அனுப்ப ஒரு ஜன்னல் வேணும்னு அன்னிக்கே யோசிச்சிருக்காங்க. மாசா மாசம் ஊருக்குப் பணம் அனுப்புற நமக்கெல்லாம் அந்தக் கட்டடம் படத்துல வர்ற கட்டடம் மாதிரி ஒரு பின்னணி மட்டும்தானா?

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் தங்கமணி ஒரே போடாப் போட்டாங்க. "எல்லாத்துலயும் உங்களுக்கு பேங்க்தான் தெரியுமா? அவளுக்கு அன்னிக்குப் பிடிச்சதே மெரினாவுல கால் நனைச்சதும் மிளகா பஜ்ஜியும்தான்." நியாயம்தான். டெல்லியில என்ன காசு கொடுத்தாலும் கடல் கிடைக்காது. கோயில் குளம் வேண்டாம்னும் நான் சொல்லலை. கணக்குப் படிச்சவன் கண்ணுக்குக் கணக்கு தெரியுது. டீச்சரா இருக்கிறவங்க பள்ளிக்கூடங்களைக் காட்டலாம், டாக்டர் பழைய ஆஸ்பத்திரியைக் காட்டலாம்.

நான் சொல்ல வர்றது இதுதான் மக்களே. டெல்லி ராஜா கட்டின ஊரு. பெரிய கதவு, பெரிய மதில், பாத்த உடனே வாய் பிளக்கும். சென்னை கடைக்காரன் கட்டின ஊரு. அதைக் கண்ணால மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது, பக்கத்துல ஒருத்தர் நின்னு கதை சொல்லணும். பத்து இடத்துக்கு வண்டியில போறதுல அந்த ஒருத்தர் கிடைக்க மாட்டார். அந்த ஆள் நாமதான். சித்தப்பாவுக்கு ஷாஜஹான் கதையை மூச்சு விடாம சொல்ற நாம, பெத்த புள்ளைக்கு நம்ம ஊர்க் கதையைச் சொல்லாம வண்டிக்காரர்கிட்ட ஒப்படைச்சுட்டு, அப்புறம் "இதுக்கு ஊர்ப்பாசமே இல்லை"ன்னு குறை சொன்னா எப்படி? முதல் போடாத கணக்குல வட்டி எங்கேர்ந்து வரும்?

அதனால அடுத்த தடவை எங்க திட்டம் ரெடி. வண்டி வேண்டாம், மெட்ரோ போதும். நீல வழித்தடத்துல ஹைகோர்ட் ஸ்டேஷன்ல இறங்கினா பாரிமுனையும் ராஜாஜி சாலையும் நடக்கிற தூரம். கோட்டைக்கு முழுசா ரெண்டு மணி நேரம் (மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஞாபகம் வச்சுக்கங்க). அப்படியே சௌகார்பேட்டை. சௌகார்னாலே வட்டிக்குக் கொடுக்கிறவர்தானே. அங்க என் பொண்ணு தைரியமா ஹிந்தியில பேரம் பேசலாம். தலைமுறை தலைமுறையா அங்கேயே இருந்துட்டு வீட்டுல மார்வாடி பேசுற குடும்பங்க அவங்க. வெளியூர்ல தமிழ் பேசுற எங்களோட கண்ணாடிப் பிம்பம். அவங்க ஊர் எது, ராஜஸ்தானா சென்னையான்னு அவளே கேட்டுப் பாக்கட்டும். அங்கேர்ந்து மெட்ரோ பிடிச்சா எல்.ஐ.சி.க்கு அந்தப் பேர்லயே ஸ்டேஷன் இருக்கு. சாயங்காலம் கண்டிப்பா மெரினா, பஜ்ஜி. நாலே இடம்தான்.

போன டிசம்பர்ல மச்சான் குடும்பம் டெல்லி வந்தாங்க. வழக்கம்போல செங்கோட்டை. லாகூர் கேட் வரிசையில நிக்கும்போது மச்சான் பையன் "எவ்ளோ பெருசு மாமா!"ன்னான். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள என் பொண்ணு அவனைப் புடிச்சுக்கிட்டா. "இது ஸ்டார்ட் பண்ண அதே இயர்லதான் சென்னை ஃபோர்ட்டுக்கும் லேண்ட் வாங்கினாங்க, தெரியுமா? அது ரொம்ப சின்னது. ஆனா கதை இருக்கு…"

அரைகுறைத் தமிழ், பாதி ஹிந்தி. 1858-ஐ 1857-ன்னு தப்பாச் சொன்னா. நான் திருத்தலை.

டிஸ்கி: 'நம்ம ஊர்'னு அவ இன்னும் சொல்லலைங்க. 'சென்னை'ன்னுதான் சொன்னா. 'உங்க ஊர்' போயிடுச்சுல்ல, இப்போதைக்கு அதை வரவுல வச்சுக்கிறேன் :-)