மார்கழி மேல் பழி: மரக்காணமும் மைலேஜும்

கார்த்திகை பிறந்தால் போதும். மெக்கானிக் ஷெட், டீக்கடை, வாட்ஸ்அப் என்று எங்கு திரும்பினாலும் ஒரே பாட்டுதான். "குளிர்காலம் வந்துடுச்சுல்ல, மைலேஜ் குறையத்தான் செய்யும்." சொல்பவர் தலையாட்டுகிறார், கேட்பவரும் தலையாட்டுகிறார், அடுத்த நாள் பங்கில் இன்னும் ஐம்பது ரூபாய் கூடுதலாகப் போகிறது. விஷயம் அதோடு முடிந்துவிடுகிறது.

முடியக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

முதலில், குளிரில் மைலேஜ் குறையும் என்பது பொய்யா? இல்லை. குளிர் இருக்கிற ஊரில் அது நூற்றுக்கு நூறு உண்மை. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கணக்குப்படி, வெளியே 25 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 டிகிரி இருக்கும் நாளில் பெட்ரோல் காரின் நகர மைலேஜ் ஏறக்குறைய 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் 24 சதவீதம் வரைகூடப் போகும். காரணங்களும் தெளிவானவை. என்ஜின் ஆயில் கெட்டிப்பட்டுப் போகிறது. சில்லிட்ட என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாததால் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. காற்று அடர்த்தியாகிறது, டயரில் அழுத்தம் இறங்குகிறது. அந்த ஊர்களில் விற்கும் குளிர்காலப் பெட்ரோலிலேயே சக்தி ஒன்றரை சதவீதம் போலக் குறைவு. டொரான்டோவில் இருக்கும் தமிழர் ஒருவர் ஜனவரியில் மைலேஜ் போச்சு என்று புலம்பினால் அதில் நியாயம் இருக்கிறது. லடாக்கில் டீசலே உறைந்து போகும். அதற்காகத்தான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரியிலும் ஓடக்கூடிய தனி டீசலை அங்கே கொண்டு வந்தது.

சரி, இப்போது மரக்காணத்துக்கு வருவோம்.

விழுப்புரம் மாவட்டம், கிழக்குக் கடற்கரைச் சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளங்கள், கொஞ்சம் உள்ளே தள்ளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. இந்த ஊரின் "கடும் குளிர்" எவ்வளவு? ஜனவரி விடியற்காலையில் 20, 21 டிகிரி. பகலில் 29 வரை ஏறிவிடும். சராசரியாகப் போட்டால் 25 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்.

அந்த 25ஐ இன்னொரு முறை பாருங்கள். அமெரிக்கக் கணக்கில் மைலேஜ் நன்றாக இருக்கும் நாளுக்கு எடுத்துக்கொண்ட வெப்பநிலை அதுதான்! அவர்களுடைய நல்ல வெயில் நாள்தான் மரக்காணத்தின் குளிர்கால நாள். இந்தக் கூத்து இதோடு நிற்கவில்லை. இந்தியாவில் வண்டிகளுக்கு மைலேஜ் சோதனை நடக்கும் ஆய்வகத்திலும் 20 முதல் 30 டிகிரிக்குள்தான் வெப்பநிலை இருக்க வேண்டும். அதாவது விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் கிலோமீட்டர் எல்லாம் மரக்காணத்து மார்கழி வெப்பநிலையில் எடுத்ததுதான். குளிர்தான் மைலேஜைத் தின்கிறது என்றால் அந்த ஆய்வகத்திலும் அல்லவா தின்றிருக்க வேண்டும்?

மேல்நாட்டுக் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்துப் போடுவதால் வரும் வினை இது. பனிப்புயல் ஊருக்கு எழுதிய அறிவுரை, மேகம் மட்டும் கவிந்த ஊரில் வேதவாக்காகிவிட்டது. அதில் ஒன்று, "காலையில் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு சூடாக்குங்கள்" என்பது. நின்ற இடத்தில் ஓடும் வண்டியின் மைலேஜ் எவ்வளவு? சைபர். மைலேஜ் குறைகிறதே என்று கவலைப்பட்டு, அதைச் சைபராக்கும் வேலையைத் தினமும் ஐந்து நிமிடம் பக்தியோடு செய்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபிறகு விற்ற வண்டிகளில், குளிர்ந்த என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைச் சென்சாரே பார்த்துக்கொள்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டியிலும் அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டினாலே என்ஜின் சூடாகிவிடும். இழுத்த சோக்கை மறந்துபோய் ஊர் எல்லை வரை ஓட்டுபவர்கள் குளிரைத் திட்டிப் பயனில்லை.

அப்படியானால் குளிருக்குப் பங்கே இல்லையா? உண்டு. அதையும் கணக்குப் போட்டுவிடலாம். 30 டிகிரியிலிருந்து 20க்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி சுமார் 3.4 சதவீதம் கூடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்கை இழுத்துப் பிடிப்பதில் பாதிக்கும் மேல் காற்றின் வேலை. ஆக, மைலேஜில் ஒன்றிரண்டு சதவீதம் போகும். அதே பத்து டிகிரிக்கு டயர் அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ போல இறங்கும். அதனால் போவது அரை சதவீதம்கூட இல்லை. என்ஜின் சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம். எல்லாம் சேர்த்தாலும் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று சதவீதம். அறுபது கொடுத்த வண்டி ஐம்பத்தெட்டுக்கு வரலாம்.

ஆனால் ஜனங்கள் புலம்புவது அறுபது ஐம்பத்திரண்டாகிவிட்டது என்று. இரண்டு கிலோமீட்டரைக் குளிர் கணக்கில் எழுதிவிடலாம். மீதி ஆறு எங்கே போனது?

வாடையில் போனது. வாடை என்றதும் பலருக்குக் குளிர்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் வாடை என்பது வடக்கிலிருந்து வரும் காற்றின் பெயர். கடற்கரையில் யாரைக் கேட்டாலும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசை பிரித்துச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவத்தில் காற்று ஏறக்குறைய கிழக்குக் கடற்கரைச் சாலையின் போக்கிலேயே அடிக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்குக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், வண்டி உணர்வது 65. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 69 சதவீதம் கூடிவிடுகிறது. அடர்த்தியால் கூடிய 3.4 எங்கே, இந்த 69 எங்கே!

"போகும்போது தள்ளிவிடும் காற்றுதானே வரும்போது எதிர்க்கிறது, இரண்டும் சரியாப் போச்சு" என்று ஒரு வாதம் வரும். சரியாகப் போகாது. பின்னாலிருந்து தள்ளும்போது தடை பாதியாகிறது, எதிரே அடிக்கும்போது ஒன்றே முக்கால் மடங்குக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் காற்றில்லாத நாளைவிட 9 சதவீதம் கூடுதல். காலையில் புதுச்சேரி நோக்கிப் போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்த அதே வாடை, மாலையில் திரும்பும்போது கொடுத்ததற்கு மேல் பிடுங்கிக்கொள்கிறது.

அடுத்தது தண்ணீர். மரக்காணத்தில் குளிர்காலம் என்பது முக்கால்வாசி மழைக்காலம்தான். 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தக் கரைக்குப் பக்கத்தில்தான் ஏறியது. 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய ஃபெஞ்சல், புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ஈரச் சாலையில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிக்கொண்டே போகிறது. அதற்கும் பெட்ரோல்தான் செலவு. தேங்கிய நீரில் முதல் கியர், குழிக்குக் குழி பிரேக், மறுபடி ஆக்சிலரேட்டர். போட்ட கொஞ்ச நாளில் பெயர்ந்துபோகும் சாலையின் கணக்கெல்லாம் மார்கழியின் தலையில் எழுதப்படுகிறது.

மூன்றாவது உப்பு. உப்பங்காற்றும் மழையும் சேர்ந்தால் செயினில் எண்ணெய் நிற்காது, துரு நிற்கும். பிரேக் டிரம்மில் துரு ஏறினால் பிரேக்கை விட்ட பிறகும் கட்டை உரசிக்கொண்டே இருக்கும். வண்டியை ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். செலவில்லாத சோதனை. ஆனால் "குளிர்தான்" என்று முடிவு கட்டியவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பாரா? மாட்டார். தவறான காரணத்தின் பெரிய கெடுதல் இதுதான். அது சரியான காரணத்தைத் தேட விடாது.

எத்தனாலை இழுப்பவர்களும் உண்டு. அந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதக் கலப்புக்காகச் செய்யப்படாத பழைய டூ வீலர்களில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்லிவிட்டது. ஆனால் அந்த இழப்பு சித்திரையிலும் உண்டு, மார்கழியிலும் உண்டு. கோடைக்கும் மழைக்காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது விளக்காது. வருடம் முழுக்கப் போவதையும் குளிர் மேல் போட்டுவிட்டால், கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

"ஆறு கிலோமீட்டருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கலாம். காரில் போகிறவர் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் உப்பளத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும். மழை ஓய்ந்து, சேறு வாரி, பாத்தி மிதித்துச் சீராக்கும் வரை உப்பு இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களில் புதுச்சேரிப் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் ஒருவர், போக வர 70 கிலோமீட்டர் பைக் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபது கொடுத்த வண்டி ஐம்பத்திரண்டு கொடுத்தால் ஒரு நாளைக்கு 180 மில்லி கூடுதல். லிட்டர் நூறு ரூபாய் என்றாலே 18 ரூபாய். மாதம் 25 நாள், மூன்று மாதம்: 1,350 ரூபாய். வேலையில்லாத மழைக்காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 2022இல் கொடுக்கத் தொடங்கிய நிவாரணம் 5,000 ரூபாய். அதில் கால் பங்குக்கும் மேல் சைலன்சர் வழியாகப் புகையாகப் போகிறது. போகும்போது "குளிர்காலம்ல" என்று ஒரு சமாதானம் வேறு!

குளிர் காரணம் என்றால் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வானத்தை யார் திருத்த முடியும்? மற்ற காரணங்கள் அப்படியல்ல. தேங்கும் சாலைக்கு ஒரு துறை இருக்கிறது. பங்கில் டயருக்கு இலவசமாகக் காற்றடிக்க வசதி இருக்க வேண்டும் என்பது விதி. அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவைக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்கிறது. வேலைக்குப் போகும் நேரத்தில் போதுமான பஸ் ஓடினால் அந்த 70 கிலோமீட்டர் பைக்கே வேண்டாம். இவ்வளவு பேர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், பதிலே சொல்லத் தெரியாத மார்கழியைக் கூண்டில் ஏற்றினால் யாருக்கு வசதி?

வண்டி வைத்திருப்பவர் பங்குக்கும் வேலை இருக்கிறது. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போடாமல், நூறு ரூபாய்க்குப் போட்டு முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் வெறும் ஜோசியம். வாரம் ஒரு முறை டயர் காற்று, மழையில் நனைந்த பிறகு செயினுக்கு எண்ணெய், மாதம் ஒரு முறை சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது, எதிர்காற்று அடிக்கும் மாலையில் வேகத்தை ஐந்து பத்து குறைப்பது. மழைத்தண்ணீர் டேங்குக்குள் இறங்காமல் பார்ப்பதும் முக்கியம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

மழைக்காலத்தில் ஏன் உப்பு விளையவில்லை என்று மரக்காணத்தில் யாரையாவது கேட்டால், குளிர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மழை, மூடிய வானம், ஈரக்காற்று என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். தொழில் என்று வந்தால் இவ்வளவு துல்லியமாகப் பேசும் ஊர், பைக்கில் ஏறியதும் மட்டும் மார்கழியைத் திட்டுகிறது. அடுத்த முறை "குளிர்காலம்ல, அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். "எத்தனை டிகிரி அண்ணே?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.