மரகதமா, புட்டிக் கண்ணாடியா?

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள், போன வாரம் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு காங்கயம் பக்கத்திலுள்ள தாய் வீட்டுக்குப் போய் வந்தாள். வந்தவள் துடைப்பத்தைத் தொடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு கற்களை மேஜை மேல் வைத்தாள். கிணறு வெட்டிய மண்மேட்டில் அவள் பையன் பொறுக்கியவையாம். ஒன்று பச்சைப் பசேலென்று பளபளத்தது. மற்றொன்று அழுக்கு வெள்ளை, பார்க்கவே சகிக்காது!

"பச்சைக்கல்லு மரகதமுங்கம்மா. எங்க தெருவுக்கு வர்ற ஆளு சொன்னாருங்க. பட்டை தீட்டினா லட்சம் போகுமாம். கூலிக்கு முன்பணம் ஐயாயிரம் கேக்கறாருங்க."

காதில் கிடக்கும் தோட்டை அடகு வைப்பதாக ஏற்பாடு!

எனக்குத் திக்கென்றது. ஆனால் சிரித்து ஒதுக்கவும் மனம் வரவில்லை. காங்கயம் வட்டாரம் லேசுப்பட்டதா என்ன? அங்கே படியூரில் கடல்நீல நிறப் பெரில் கற்களை 19-ஆம் நூற்றாண்டிலேயே வெட்டி எடுத்தார்கள். மரகதமும் பெரில் இனம்தான். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தபோது, 2,000 ஆண்டுகளுக்கு முன் பெரிலிலும் பளிங்கிலும் மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. ரோமாபுரிப் பிளினிகூட இந்தியப் பெரிலைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எனவே கற்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, பூதக்கண்ணாடியை எடுத்தேன். பச்சைக்குள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள்! பூமியில் விளைந்த மரகதத்தில் கீறலும் புகைச்சலுமாகக் குறைகள் இருக்கும். இப்படிச் சோடா மாதிரிக் குமிழி இராது. உருக்கி வார்த்த கண்ணாடிக்கே உரிய அடையாளம் அது. உடைந்த பக்கம் சிப்பிபோல் வளைந்திருந்தது. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது; பளிங்கும் அப்படித்தான் உடையும்.

அடுத்து, பழைய ஊறுகாய்ப் புட்டியின் மேல் இரண்டையும் அழுத்தி இழுத்தேன். பச்சை வழுக்கிக்கொண்டு போயிற்று. அழுக்கு வெள்ளையோ 'கிர்ர்' என்று கோடு போட்டது. ஈர விரலால் துடைத்தேன், கோடு அழியவில்லை. (அழிந்தால் அது கல்லின் பொடி.) 'கண்ணாடியைக் கீறினால் வைரம்' என்று நம்பிவிடாதீர்கள், சகோதரிகளே! கண்ணாடியின் கடினம் சுமார் 5½; பளிங்கு 7, பெரில் 7½ முதல் 8, வைரம் 10. பளிங்கே தாராளமாகக் கீறும். வீட்டு நகையில் பதித்த கல்லை மட்டும் இந்தச் சோதனைக்கு இழுக்க வேண்டாம்.

வெள்ளைக் கல்லுக்கு ஆறு பட்டை இருந்தது. பெரிலுக்கும் ஆறு பட்டைதான்! என் நெஞ்சும் கொஞ்சம் அடித்துக்கொண்டது. ஆனால் பெரிலில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். தலை பெரும்பாலும் தட்டையாக இருக்கும். இதிலே குறுக்குக் கோடுகள், கூரான தலை. சாதாரணப் பளிங்குதான்.

அதற்கு மேலும் சந்தேகமென்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் ஒளி விலகலை அளந்து சொல்வார்கள். தெருவோடு போகிறவர் கண்ணால் பார்த்துச் சொல்கிற சங்கதியல்ல.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆளு நாளைக்குக் காலைல வருவாருங்கம்மா. பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள்.