விஷவாயு குற்றவாளி அல்ல

'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி.' கழிவுநீர்த் தொட்டி மரணங்களை நாளிதழ்கள் இவ்வாறே எழுதுகின்றன. இவ்வாக்கியத்தில் கொன்றது வாயு. தொழிலாளியைத் தொட்டிக்குள் இறக்கியவர் எங்கும் இல்லை.

அவ்வாயுக்களுள் கொடியது ஹைட்ரஜன் சல்பைடு. கழிவிலுள்ள புரதங்கள் அமினோ அமிலங்களாகச் சிதைகின்றன. அவற்றுள் கந்தகம் கொண்ட சிஸ்டீனை பாக்டீரியாக்கள் உடைக்கும்போது இவ்வாயு பிறக்கிறது. கழிவுநீரின் சல்பேட்டிலிருந்தும் உருவாகிறது. காற்றைவிடக் கனமானதால் தொட்டியின் அடியில் தேங்குகிறது. சகதியைக் கலக்கினால் திடீரென வெளிப்படுகிறது. மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால், காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் முகரும் உணர்வே மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும் கணமே பேராபத்தின் கணம். அளவு மேலும் உயர்ந்தால் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த இயலாமல் நினைவிழப்பும் மரணமும் நேர்கின்றன. காப்பாற்ற இறங்குபவரும் மடிவது இதனால்தான். முகத்தில் கட்டும் துணி இதனைத் தடுக்காது.

இவை யாவும் பாடநூல் அறிந்த உண்மைகள். முன்கூட்டியே அறியத்தக்க மரணத்தை விபத்து என்று நாம் எவ்வாறு ஏற்பது? தொட்டிக்குள் இறங்க வேண்டியவர் யார் என்பதைச் சாதி தீர்மானிக்கும் சமூகத்தில், 'விபத்து' என்னும் சொல் குற்றத்திற்கான திரையாகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. 'அவரே விரும்பி இறங்கினார்' என்ற விதிவிலக்கு அதில் இல்லை. 9ஆம் பிரிவின்படி முதல் குற்றத்திற்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் என வகுத்த இழப்பீடு, 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் இழப்பீடு தண்டனைக்கு மாற்று அன்று.

ஆகவே, ஒவ்வொரு மரணத்திலும் நாம் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. முதல் தகவல் அறிக்கையில் 7, 9ஆம் பிரிவுகள் உள்ளனவா? இறந்தவர் பட்டியல் சாதியினர் எனில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்க்கப்பட்டதா? இறக்குவதற்கு முன் வாயுவின் அளவைக் கருவி கொண்டு சோதித்தவர் யார், அதற்கான பதிவு எங்கே? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத இடத்தில் பொறுப்பாளியைத் தேடத் தொடங்குவோம். வாயு தன் இயல்பின்படி நடந்தது. அதனை அறிந்திருக்க வேண்டியவர்களே கூண்டில் நிற்க வேண்டியவர்கள்.