நிலக்கடலைச் செடிக்குள் ஒரு கத்தரிக்கோல் சண்டை: ஆர்என்ஏவை வெட்டும் நொதிகள் என்ன செய்கின்றன?

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பக்கம் நிலக்கடலை போடும் விவசாயிக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இளம் இலையில் வெளிறிய வளையங்கள் தெரியும். அடுத்த சில நாளில் நுனிக் குருத்து கருகும். செடி குட்டையாகவே நின்றுவிடும். இதுதான் மொட்டுக் கருகல் நோய். இலைப்பேன் சுமந்துவரும் வைரஸ்தான் காரணம். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸை ஒழிக்க மருந்து கிடையாது. இலைப்பேனைக் கட்டுப்படுத்தலாம், வரப்போரம் கம்பு, சோளம் விதைத்துத் தடுப்பு போடலாம், நோய் கண்ட செடியைப் பிடுங்கலாம். அவ்வளவுதான்.

ஆனால், செடி சும்மா கை கட்டி நிற்பதில்லை. வைரஸின் ஆர்என்ஏவைப் பிடித்துத் துண்டு துண்டாக்கும் நொதிகள் அதனிடம் உண்டு. அந்த நொதிகளை நம்பித்தான் இப்போது புதுவகைப் பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளே உருவாகின்றன.

ஆர்என்ஏவை ஏன் வெட்ட வேண்டும்?

டிஎன்ஏ, லாக்கரில் இருக்கும் மூலப் பத்திரம் மாதிரி. தூது ஆர்என்ஏ, அன்றைய வேலைக்கு எடுத்த ஜெராக்ஸ். ரைபோசோம் என்ற தொழிற்சாலை அதைப் படித்துப் புரதம் தயாரிக்கிறது. வேலை முடிந்ததும் ஜெராக்ஸைக் கிழித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தேவையில்லாத புரதம் குவிந்துகொண்டே போகும். கிழிக்கிற வேலையைச் செய்பவைதான் ஆர்என்ஏஸ் நொதிகள். பாக்டீரியாவில் ஒரு தூது ஆர்என்ஏவின் ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான்.

நம் தோலிலும் இந்த நொதி உண்டு. ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் தொட்டால் ஆர்என்ஏ மாதிரி வீணாகிவிடும். சில ஆர்என்ஏஸ்கள் கொதிக்க வைத்தாலும் அசராது!

பாக்டீரியா: பஞ்ச காலத்தில் வெளிவரும் கத்தரி

1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பெற்றார். அதே ஆண்டு, கேம்பிரிட்ஜில் உள்ள அவரது குழுவும் டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து இன்னொரு படத்தை வெளியிட்டார்கள். ஈ.கோலை பாக்டீரியாவின் ‘ரெல்-ஈ’ நொதி, ரைபோசோமுக்குள் உட்கார்ந்து தூது ஆர்என்ஏவை வெட்டும் படம் அது.

சாதாரண நாளில் ‘ரெல்-பி’ என்ற புரதம் ரெல்-ஈயைக் கட்டிப்போட்டிருக்கும். அமினோ அமிலம் தட்டுப்பாடானால் ரெல்-பி சிதைக்கப்படும், ரெல்-ஈ விடுபடும். அது ரைபோசோமுக்குள் நுழைந்து, படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் தூது ஆர்என்ஏவை அங்கேயே நறுக்கிவிடும். புரத உற்பத்தி குறையும், இருக்கிற சரக்கு மிச்சமாகும். கையில் காசு இல்லாத மாதத்தில் செலவை நிறுத்துகிற அதே கணக்கு. இதில் சுவாரசியம், ரெல்-ஈ தனியாக எதையும் உருப்படியாக வெட்டாது. ஆர்என்ஏவைச் சரியான கோணத்தில் ரைபோசோம் பிடித்துக்கொடுத்தால்தான் வெட்டும்.

வைரஸ்: அடுத்தவர் ஐடி கார்டில் நுழைவது

மனித செல்லின் தூது ஆர்என்ஏ தலையில் ஒரு தொப்பி இருக்கும். அது இருந்தால்தான் ரைபோசோம் எளிதில் ஏற்றுக்கொள்ளும். இன்ஃபுளுவென்சா வைரஸுக்குத் தொப்பி செய்யத் தெரியாது. அதனால் நம் ஆர்என்ஏவின் தொப்பியை, அதை ஒட்டிய 10 முதல் 13 எழுத்துகளோடு நறுக்கி எடுத்துத் தன் ஆர்என்ஏவுக்கு மாட்டிக்கொள்கிறது. இந்தக் கத்தரியை முடக்கும் மருந்துதான் பலோக்சவிர். 2018-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது.

கொரோனா வைரஸின் தந்திரம் வேறு. அதன் ‘என்எஸ்பி15’ நொதி, வைரஸின் சொந்த ஆர்என்ஏவிலேயே சில பகுதிகளை வெட்டுகிறது. நம் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல் தப்பிக்கத்தான்.

தாவரம்: துண்டையே துப்பாக மாற்றுவது

செடிக்குள் ஆர்என்ஏ வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகிறது. செடிக்கு அது அபாயச் சங்கு. ‘டைசர்’ வகை நொதிகள் அதை 21 முதல் 24 எழுத்துகள் கொண்ட துண்டுகளாக நறுக்கும். ‘ஆர்கோநாட்’ என்ற புரதம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதோடு பொருந்துகிற ஆர்என்ஏ எங்கே இருந்தாலும் தேடிப்போய் வெட்டும். போலீஸ் கையில் குற்றவாளியின் போட்டோ கிடைத்த மாதிரி.

சரி, அப்புறம் ஏன் கடலைச் செடி தோற்கிறது? மொட்டுக் கருகல் வைரஸிடம் ‘என்எஸ்எஸ்’ என்ற புரதம் இருக்கிறது. செடியின் இந்தத் தற்காப்பையே அது முடக்கிவிடுகிறது.

இதை மருந்தாக்க முடியுமா?

வைரஸ் வரும் முன்பே அந்த ‘போட்டோ’வைச் செடிக்குக் கொடுத்துவிட்டால்? அதுதான் இரட்டை இழை ஆர்என்ஏ தெளிப்பு. 2017-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு, நுண்ணிய களிமண் தகடுகளில் ஆர்என்ஏவை ஏற்றிப் புகையிலைச் செடியில் தெளித்தது. ஒரு தெளிப்பில் 20 நாள் வரை வைரஸ் பாதுகாப்பு கிடைத்தது. உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிரான ‘லெட்ப்ரோனா’ என்ற ஆர்என்ஏ தெளிப்புக்கு 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

சிக்கலும் அதே கத்தரியில்தான். இலை மேலும் மண்ணிலும் பூச்சியின் வயிற்றிலும் ஆர்என்ஏஸ்கள் இருக்கின்றன. வெயிலும் சேர்ந்துகொண்டால் வெறும் ஆர்என்ஏ சீக்கிரமே சிதைந்துவிடும். ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 2022-ல் அவசர அனுமதி பெற்ற இந்தியாவின் ‘ஜெம்கோவாக்’ தடுப்பூசி, உறைய வைத்து உலர்த்திய பொடியாக வந்ததால்தான் சாதாரண ஃபிரிட்ஜின் 2 முதல் 8 டிகிரியில் வைக்க முடிந்தது.

சீக்கிரம் சிதைவதில் ஒரு நல்லதும் இருக்கிறது. ரசாயனப் பூச்சிக்கொல்லி மாதிரி மண்ணில் நாள் கணக்கில் தேங்காது. ஆக, விருத்தாசலம் விவசாயி கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கடலூர் வெயிலில் ஒரு தெளிப்பு எத்தனை நாள் தாங்கும்? ஏக்கருக்கு எவ்வளவு ஆகும்? ஆர்என்ஏ தெளிப்பு வயலுக்கு வருமா என்பதை இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதில்தான் முடிவு செய்யும். அதுவரை இலைப்பேன் மேல் ஒரு கண் இருக்கட்டும்.